ஆந்த்ரமே – ஒரு கடிதம்

வணக்கம்.

பிரெஞ்சு விருந்து பற்றிய கட்டுரையில் ‘ஆந்த்ரமே’ என்பதைத் தொடுகறி என்று எழுதியிருக்கிறீர்கள். என் மகள் கேட்டரிங் படிக்கிறாள். ஸ்பாஞ்சும் மூஸும் அடுக்கி, மேலே கண்ணாடி மாதிரி மெருகு ஊற்றிய கேக் அது என்று சிரிக்கிறாள். திருத்துவீர்களா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் சொல்வது சரிதான். இன்று பாரிஸ் இனிப்புக் கடையில் ஆந்த்ரமே என்று கேட்டால் அந்தக் கேக்கைத்தான் எடுத்துத் தருவார்கள். நான் எழுதியது பதினெட்டாம் நூற்றாண்டுப் பந்தியை. காலத்தைச் சொல்லாமல் விட்டது என் பிழை, சேர்த்துவிட்டேன்.

‘ஆந்த்ர்’ என்றால் இடையே, ‘மே’ என்றால் பரிமாறும் உணவு. இடைக்காலத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே வரும் சிறு பதார்த்தம் அது. பாலில் குழைந்த கோதுமைக் கஞ்சிகூட அதில் சேர்த்தி. அரண்மனை விருந்துகளில் அந்த இடைவேளையைக் கூத்து பிடித்துக்கொண்டது. 1378இல் பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸ், தாய்மாமனான புனித ரோமானியப் பேரரசர் நான்காம் சார்லஸுக்கு விருந்து வைத்தபோது, சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைப் பிடித்த கதையைக் கூடத்திலேயே நடித்துக் காட்டினார்கள், கப்பல்கூட வந்தது. 1454இல் லீல் நகரில் பர்கண்டிப் பிரபு வைத்த விருந்தில் பிரம்மாண்டமான ஒரு ‘பை’ (pie, உள்ளே பூரணம் வைத்துச் சுடும் மாவுப் பண்டம்), அதற்குள் 28 பேர் உட்கார்ந்து வாத்தியம் வாசித்தார்கள். இதற்கும் பெயர் ஆந்த்ரமேதான். வாயில் வைக்கவே முடியாத பதார்த்தம்!

பிறகு கூத்து போய் மறுபடி சாப்பாடு வந்தது. வறுத்த இறைச்சியோடும் அதற்குப் பின்னும் அஸ்பாரகஸ், ஆர்ட்டிசோக், காளான், முட்டை, கூடவே கிரீம், ஜெல்லி என்று உப்பும் இனிப்பும் கலந்து மேசையில் பரப்புவார்கள். நான் தொடுகறி என்றது இதைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைக்கும் ரஷ்ய முறை பரவியதும் காய்கறி இறைச்சித் தட்டுக்கே போய்ச் சேர்ந்தது. ‘ஆந்த்ரமே சுக்ரே’, அதாவது இனிப்பு ஆந்த்ரமே, தனியாக நின்றது. வேறு வகை இல்லாதபோது ‘இனிப்பு’ என்ற அடைமொழி எதற்கு? அதுவும் உதிர்ந்தது.

ஒன்று மட்டும் மகளிடம் கேளுங்கள். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல் நிபுணர் எஸ்கோஃபியே வகுத்த சமையலறைப் படிநிலையில் ‘ஆந்த்ரமெத்தியே’ என்று ஒருவர் வருவார். பெயரைப் பார்த்தால் கேக் போடுபவர் என்றுதான் தோன்றும். அவர் பொறுப்பில் இருப்பது காய்கறி, முட்டை, சூப். கேக் எல்லாம் ‘பத்திஸியே’ எனப்படும் இனிப்புச் சமையல்காரரின் வேலை.