கண்ணை மூடினால் பயம் வருகிறது என்றால் மூட வேண்டாம்

புற்றுநோய்க்காகக் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குக் கீமோவுக்குப் போய்வரும் அம்மா, தியானத்துக்குக் கண்ணை மூடினாலே பயந்து அழுகிறார், ‘மனசை ஒருமுகப்படுத்தினால் கட்டி கரையும்’ என்று சொந்தக்காரர்கள் வேறு சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள்.

தியானத்தால் கட்டி கரையாது. அதை நம்பினால், நாளை ஸ்கேன் சரியில்லாதபோது அம்மா தன் மனசையே குற்றம் சொல்லிக்கொள்வார். அந்தப் பாரம் அவருக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் பதற்றமும் மனச்சோர்வும் குறையத் தியானம் உதவும். 2023-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதற்குத்தான் பரிந்துரைக்கிறது.

கண் திறந்தே இருக்கட்டும். என் கணவர் ட்ரிப்ஸ் ஏறும்போது உள்ளங்கால் தரையில் படுவதை மட்டும் கவனிப்பார். அப்புறம் மின்விசிறிச் சத்தம், பக்கத்துக் கட்டில் பேச்சு. மூச்சைக் கவனித்தால் அவருக்கு நெஞ்சடைப்பது போல இருந்தது, அதனால் விட்டுவிட்டோம். அம்மாவையும் மூச்சை அடக்கச் சொல்லாதீர்கள். மூன்று நிமிடம் போதும். பயம் வந்தால் ‘பயம் வந்திருக்கு’ என்று சொல்லிக்கொண்டு மறுபடி பாதத்துக்கு வந்தால் சரி. அழுகை வந்தால் அழட்டும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடம்பு இடம்கொடுக்கிற நாளில் விடியற்காலையில் சில்வர் பீச்சில் உட்காரலாம். கூட்டநேரம் வேண்டாம், கீமோ சமயத்தில் தொற்று எளிதில் பிடிக்கும்.

தூக்கமில்லாமல் பயம் நாள்கணக்கில் நீடித்தால் கீமோ தரும் மருத்துவரிடமே சொல்லுங்கள், மனநல ஆலோசனைக்கு அனுப்புவார். அடுத்த கீமோ எப்போது? அன்றிரவு அம்மா எப்படி இருந்தார் என்று எழுதுங்கள்.