நையாண்டிக் கதையில் பெண் சிறுமைப்பட்டால் அது எழுதியவரின் கருத்தா?

அப்படித்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ (1934) கதையில், அடிபட்டுக் கிடக்கும் புருஷனுக்குப் பால் கஞ்சி வார்க்க, மில் வேலைக்குப் போகும் அம்மாளு இருட்டுச் சந்தில் முக்கால் ரூபாய் சம்பாதிக்கிறாள். குத்தல் அவளுக்கல்ல; கற்பைப் பற்றி வாய்கிழியப் பேசுகிறவர்களுக்கு.

எங்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். கொலுசுக்கு மணி கோக்கும் அக்கா, பட்டறை முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் கடைசிப் பந்தி. “எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி” என்கிறார் முதலாளி. அக்கா இலையில் ஊறுகாயும் ரசமும்தான், பாயசம் தீர்ந்துவிட்டது. இதோடு கதாசிரியர் வாயை மூடிக்கொண்டால் நையாண்டி. அக்கா சாப்பிடும் வேகத்தைக் கிண்டலடித்தால், (நம் சினிமா காமெடியில் பாதி இதுதான்) அது வெறும் ஏளனம்.