மறுபடி மறுபடி பார்க்கத் தூண்டும் பழைய போர்ப்படம் எது? ஏன்?

இந்தக் கேள்விக்கு நான் யோசிக்கவே வேண்டியதில்லை. ‘தி டாம் பஸ்டர்ஸ்’. 1955இல் வந்த பிரிட்டிஷ் படம், கறுப்பு வெள்ளை, இயக்கம் மைக்கேல் ஆண்டர்சன். நாலு தடவை தனியாகப் பார்த்தேன். அஞ்சாவது தடவை போட்டபோது மனைவியும் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “என்னங்க, போர்ப்படம்னு சொன்னீங்க. அந்தப் பெரியவரு ஃபைலத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையறாரு. சண்டை எப்ப வரும்?” என்றாள்.

எனக்குப் படம் பிடித்ததே அந்த அலைச்சலுக்காகத்தான். நான் சிவில் டிப்ளமோ. எஸ்டிமேட் போட்டு, அது திரும்பி வந்து, மறுபடி போட்டு என்றே காலம் ஓடியவன். ஃபைலோடு அலையும் பார்ன்ஸ் வாலிஸ் என்ற அந்தப் பொறியாளராக மைக்கேல் ரெட்கிரேவ் நடித்திருக்கும் விதத்தில் எங்கள் தொழில்காரர்கள் எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்கு: 1943 மே 16 இரவு, பிரிட்டிஷ் விமானப்படையின் 19 லங்காஸ்டர் விமானங்கள் ஜெர்மனிக்குள் புகுந்து, ரூர் தொழில் வட்டாரத்துக்குத் தண்ணீர் தரும் மோனே அணையையும், ஏடர், ஸோர்ப்பே அணைகளையும் உடைக்கப் போயின. முதல் இரண்டும் உடைந்தன. மண் அணையான ஸோர்ப்பே அடி வாங்கியும் நின்றுவிட்டது.

மோனே அணை 40 மீட்டர் உயரம், அடிப்பாகத்தில் 34 மீட்டர் கனம். அப்படிப்பட்ட கற்சுவரை மேலிருந்து குண்டு போட்டெல்லாம் அசைக்க முடியாது. சுவரை ஒட்டி, நீருக்கடியில் வெடிக்க வேண்டும். அப்போது பின்னால் நிற்கிற தண்ணீரே வெடிப்பின் வேகம் சிதறாமல் சுவர் மேல் தள்ளிக் கொடுக்கும். டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) விடலாமா என்றால் குறுக்கே இரும்பு வலை கட்டியிருக்கிறார்கள். வாலிஸ் கண்ட வழி, சின்ன வயதில் குளத்தில் ஓட்டாஞ்சில்லு எறிந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான்: தண்ணீர் மேல் தத்தித் தத்தி வலையைத் தாண்டிப் போகட்டும். ஒரு வித்தியாசம், குண்டைப் பின்பக்கமாக நிமிடத்துக்கு 500 சுற்று சுழலவிட்டுப் போட்டார்கள். சுவரில் மோதியதும் அது விலகிப் போகாமல் சுவரை ஒட்டியே கீழே உருண்டு இறங்கும். சுமார் 9 மீட்டர் ஆழத்தில் நீரழுத்தமே திரியைத் தட்டிவிடும். வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்து, கோலிக்குண்டு விட்டுப் பார்த்து ஆரம்பித்த யோசனை இது. மேலதிகாரிகள் ஆளை ஏற இறங்கப் பார்த்ததில் ஆச்சரியமில்லை.

நான் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் இடம் இரண்டு விளக்குக் காட்சி. குண்டை விடும்போது விமானம் தண்ணீருக்குச் சரியாக 60 அடி உயரத்தில் இருக்க வேண்டும். லங்காஸ்டரின் இறக்கை அகலமே 102 அடி! சாயச் சாய இறக்கை நுனி தண்ணீரை நெருங்கும். இரவு வேறு. சாதாரண உயரமானி அந்த உயரத்தில் உதவாது. அதனால் விமானத்தின் அடியில் முன்னும் பின்னும் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு ஒளிவட்டமும் தண்ணீர் மேல் ஒன்றையொன்று தொட்டு எட்டுப் போட்டால் 60 அடி. லைசென்ஸுக்கு எட்டுப் போட்ட நினைவு வராமல் என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடிவதில்லை.

தூரம் பார்க்க இன்னும் மலிவான சாதனம். முக்கோணமாக வெட்டிய பலகைத் துண்டு, ஒரு மூலையில் கண் வைத்துப் பார்க்க ஓட்டை, மற்ற இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஆணி. அணையின் இரண்டு கோபுரங்களும் இரண்டு ஆணிகளுக்கு நேராக வந்தால் குண்டை விடு. நாலு டன்னுக்கு மேல் எடையுள்ள குண்டைக் குறி பார்க்க, பள்ளிக்கூடக் கைவேலை வகுப்பில் செய்கிற மாதிரி ஒரு சாமான். விமானம் குலுங்குகிற குலுக்கலில் கையில் பிடிக்க முடியவில்லை என்று சிலர் அதையும் விட்டுவிட்டு, கண்ணாடியில் இரண்டு கோடு போட்டு, கயிறு கட்டிப் பார்த்துக்கொண்டார்களாம்.

படத்தில் பிழைகள் உண்டு. விளக்கு யோசனை, தாக்கப் போன விமானப் பிரிவின் தலைவர் கய் கிப்சனுக்கு ஒரு நாடகக் கொட்டகையில் மேடை வெளிச்சத்தைப் பார்த்து வருவதாகக் காட்டுவார்கள். அது சினிமா. உண்மையில் சொன்னவர் பெஞ்சமின் லாக்ஸ்பைசர் என்ற அரசு விஞ்ஞானி. குண்டைப் பந்து போலக் காட்டுவார்கள். உண்மையில் அது எண்ணெய் டிரம் மாதிரி உருளை. படமெடுத்தபோது அந்த வடிவம் இன்னும் ராணுவ ரகசியம். உடைந்த அணையிலிருந்து தண்ணீர் கொட்டுவது ஒட்டுவேலை என்று பார்த்ததுமே தெரியும். கிப்சனின் கறுப்பு நாயின் பெயர் ஒரு நிறவெறிச் சொல், மோனே உடைந்ததற்கான சங்கேதமும் அதேதான். சில டிவி ஒளிபரப்புகளில் அந்த இடத்தில் ஒலியை வெட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. என்னை உறுத்துவது வேறு. மோனே அணைக்குக் கீழே ஆற்றோரம் நேஹைம் என்று ஓர் ஊர். அங்கே ஒரு முகாமில் உக்ரைன், போலந்து பக்கத்திலிருந்து கட்டாய வேலைக்குப் பிடித்துவரப்பட்ட பெண்களை அடைத்து வைத்திருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் வந்த வெள்ளம் முகாமை அப்படியே அடித்துப் போனது. அந்த இரவு வெள்ளத்தில் செத்தவர்கள் 1,300க்கும் மேல். பாதிக்கு மேற்பட்டோர் ஜெர்மானியர்களே இல்லை. படத்தில் வெள்ளம் வருகிறது, போகிறது. இந்தப் பெண்கள் இல்லை. மோனே அணைச் சுவரும் செப்டம்பர் கடைசிக்குள் எழுந்து நின்றுவிட்டது. கட்டிக்கொண்டிருந்தபோது யாரும் திரும்பி வந்து தாக்கவில்லை. எங்கள் தொழில்காரன் கண்ணுக்கு இது முதலில் பட்டுவிடுகிறது: இவ்வளவு செலவு செய்து உடைத்ததை ஏன் கட்டவிட்டார்கள்?

அதற்கப்புறமும் ஏன் பார்க்கிறேன் என்றால், கடைசிக் காட்சிகள். மற்றப் படங்களில் இந்த இடத்தில் கட்டிப்பிடித்துக் கூத்தாடுவார்கள். (‘ஸ்டார் வார்ஸ்’ கடைசித் தாக்குதலுக்கு இந்தப் படம்தான் முன்மாதிரி. அங்கே பதக்க விழாவே உண்டு.) இங்கே விடிகிறது. சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு வைத்த மேஜைகளில் ஆள் இல்லை. திரும்பாதவர்களின் அறைகளில் அவர்கள் சாமான் மட்டும் கிடக்கிறது. விமானத்துக்கு ஏழு பேர் வீதம் போன 19 விமானங்களில் 8 வரவில்லை. வாலிஸ் வெளியே நின்றுகொண்டு, இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் ஆரம்பித்தே இருக்கமாட்டேன் என்கிறார். அவர் சொல்கிற கணக்கு 56 பேர். அதில் மூன்று பேர் கைதிகளாகப் பிழைத்தது பின்னால் தெரிந்தது.

கிப்சனுக்கு அப்போது வயது 24. பிறந்தது நம் சிம்லாவில். அடுத்த வருஷம் செப்டம்பரில் அவரும் ஹாலந்தில் விமானம் விழுந்து போய்விட்டார். ரிச்சர்ட் டாட் அவராக நடித்திருப்பார், நார்மண்டியில் நிஜமாகவே பாராசூட்டில் குதித்த ஆள் அவர். கடைசியில் கிப்சன் வாலிஸைப் போய்த் தூங்கச் சொல்வார். நீங்கள் தூங்கவில்லையா என்று வாலிஸ் பதிலுக்குக் கேட்டதும், முதலில் சில கடிதங்கள் எழுத வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு நடப்பார்.

மனைவி அதுவரை எழுந்து போகவில்லை. “யாருக்குக் கடுதாசி?” என்றாள்.

“செத்தவங்க வீட்டுக்கு.”

“ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் தனித்தனியாவா?”

ஆமாம் என்றேன்.