ஒளியியல் பொருட்களில் தொடங்கி ஊக்கிகளுக்கு மாறினால் ஆராய்ச்சி வாழ்க்கை சிதறிப்போகுமா?

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே" என்று உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கொழும்பில் இரசாயனவியல் இறுதியாண்டு, ஆய்வு கண்ணாடிப் பூச்சில், ஆசை ஊக்கியில் (தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும் பொருளில்) என்று ஊகிக்கிறேன். பிழையென்றால் மன்னியுங்கள்.

இந்தக் கதை எனக்குப் பழக்கமானது. சில வருடங்களுக்கு முன் ஒரு நேர்முகத் தேர்வில், என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்: "நீங்கள் கண்ணாடிக்காரியா, ஊக்கிக்காரியா?" இரண்டும் ஒரே பொருள்தான் சேர் என்றேன். சிரித்தார். வேலை வேறு ஒருவருக்குப் போனது. அவர் கெட்டிக்காரர்தான், அதில் எனக்குக் குறையில்லை. அந்தச் சிரிப்புத்தான் இன்னும் உறுத்துகிறது.

நான் சொன்ன பொருள் டைட்டேனியம் டைஒக்சைட். கண்ணாடித் துண்டை அதன் கரைசலில் தோய்த்து, மெதுவாக இழுத்தெடுத்து, உலையில் 450 பாகையில் சுடுவோம். 60 நானோமீற்றர் அளவில் ஒரு படலம் நிற்கும். அதன் ஒளிமுறிவுச் சுட்டி, அதாவது ஒளியை வளைக்கும் அளவு, பெரிது. தனியாகப் பூசினால் கண்ணாடி இன்னும் பளபளக்கும். சிலிக்காவோடு மாறி மாறி அடுக்கினால்தான் தெறிப்பு குறையும். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு நான் செய்தது இதைத்தான்.

இங்கே வந்த பிறகு கொழும்புக் காற்று என்னைத் தோற்கடித்தது. மூலப்பொருளான அல்கொக்சைட்டுக்கு ஈரம் ஆகாது. போத்தலைத் திறந்து அளந்து மூடுவதற்குள் வாயைச் சுற்றி வெள்ளையாகக் கட்டிவிடும். படலம் வரவேண்டிய இடத்தில் தயிர்க்கட்டி போல ஏதோ அடியில் தங்கும். 2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது உலையும் பாதியில் ஆறியது. படலத்தை விட்டுவிட்டு, கரண்ட் இருந்த நேரங்களில் அந்தக் கட்டிகளைச் சுட்டுப் பொடியாக்கி, மெதிலீன் நீலம் என்ற சாயக் கரைசலில் போட்டு யன்னலோரம் வைத்தேன். மாலையில் நீலம் வெளுத்திருந்தது.

துள்ளிக் குதித்துக் கட்டுரை எழுதி அனுப்பினேன். மதிப்பாய்வாளர் ஒரே வரி கேட்டார்: இருட்டில் வைத்துப் பார்த்தீர்களா? பார்க்கவில்லை. பார்த்தபோது, நிறத்தில் ஒரு பங்கு பொடியில் ஒட்டிக்கொண்டே போயிருந்தது. பொடியே போடாத கரைசலும் வெயிலில் கொஞ்சம் வெளுத்தது. இரண்டையும் கழித்தால் மிஞ்சியதுதான் ஊக்கியின் வேலை. ஆறு மாத உழைப்பு அந்தக் கழித்தலில் பாதியாகிவிட்டது.

ஆனால் மிஞ்சியது உண்மை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை இந்தப் பொருள் விட்டுவிடும், அதனால்தான் படலம் தெளிவாக இருக்கிறது. அனடேஸ் என்ற பளிங்கு வடிவத்துக்குப் பட்டை இடைவெளி, அதாவது ஓர் இலத்திரனைக் கிளப்பத் தேவையான சக்தி, 3.2 இலத்திரன் வோல்ட். ஏறத்தாழ 388 நானோமீற்றருக்குக் கீழே உள்ள புறஊதாவை விழுங்கி, இலத்திரனையும் அது விட்டுப்போன துளையையும் பிரித்துவிடும். அவை மேற்பரப்புக்கு வந்து பக்கத்திலிருக்கும் சேதனப் பொருளைத் தின்னும். இதே பொருளின் மேல் ஒளி பட்டால் நீர் பிரிகிறது என்று புஜிஷிமாவும் ஹொண்டாவும் 1972இலேயே எழுதிவிட்டார்கள். ஒளியியல்காரருக்குத் தலைவலியான புறஊதாதான் ஊக்கிக்காரருக்குச் சோறு.

நம்பாவிட்டால் வெள்ளவத்தைக்கு வாருங்கள். கடலைப் பார்த்த எங்கள் தொடர்மாடிச் சுவரில் சாய்ந்துவிட்டு எழும்பினால் சட்டை முதுகு வெள்ளையாகிவிடும். பெயின்டுக்கு வெண்மை தரும் அதே டைட்டேனியம் டைஒக்சைட் வெயிலில் பெயின்டைப் பிடித்திருக்கும் பிசினைத் தின்று பொடியாக்குகிறது. அதற்காகத்தான் நல்ல பெயின்டில் அந்தத் துணிக்கைகளுக்கு மேலே அலுமினா, சிலிக்கா போர்த்துகிறார்கள். உப்புக்காற்றையும் வெறும் வெயிலையும் மறந்துவிட்டீர்களே என்று எஞ்சினியர்கள் சண்டைக்கு வரவேண்டாம், அவையும் சேர்ந்துதான்.

எங்கள் நிர்வாகக் குழுவுக்கு இதை இரண்டு தரம் விளக்கினேன். வீட்டுக்குள் அடிக்கும் மலிவு பெயின்டை வெளியே அடித்துவிட்டு, மறுவருடம் திரும்பக் காசு சேர்க்கிறார்கள். கேட்டால், "மிஸ்ஸுக்கு எல்லாம் கெமிஸ்ட்ரிதான்" என்று ஒரு சிரிப்பு. லிஃப்ட் கதையைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

சரி, உங்கள் விஷயம். தாராளமாக மாறுங்கள், ஆனால் பொருளை மாற்றாதீர்கள். படலம் செய்யப் பழகிய கைக்கு அதன் தடிப்பும் பளிங்கு வடிவமும் ஏற்கெனவே தெரியும், அவை ஊக்கலுக்கும் வேண்டும். மேற்பார்வையாளரோடு வாதாடவேண்டாம், இரண்டுக்கும் ஒரே ஆய்வு மாதிரியைப் பயன்படுத்தி ஒரு வரைபைக் காட்டுங்கள். அப்புறம், சாயத்தில் பொடியைப் போட்டதும் வெயிலுக்குக் கொண்டு ஓடாமல், முதலில் அரை மணித்தியாலம் அலுமாரிக்குள் இருட்டில் வையுங்கள்.