கையைக் கடிக்காத புடாபெஸ்ட்: கேள்வி பதில்

ஹங்கேரியின் தலைநகரில், டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையான பெஸ்ட் பக்கம் குடியிருக்கிறேன். செலவைக் குறைத்து நாலு நாள் சுற்றிப் பார்க்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கே: அக்கா, ஃபிராங்க்ஃபர்ட்டில் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் வருகிறோம். இடையில் நாலு நாள் கிடைக்கும். வியன்னா, ப்ராக், புடாபெஸ்ட் மூன்றையும் முடித்துவிடலாமா? எந்த மாதம் மலிவு?

ப: மூன்றும் வேண்டாம். நாலு நாளில் மூன்று ஊர் என்றால் பாதிப் பொழுது பெட்டியும் கையுமாக ரயில் நிலையத்திலேயே கழியும். புடாபெஸ்ட் ஒன்றே நாலு நாளுக்குத் தாராளம். ஹங்கேரியும் ஷெங்கனில் இருப்பதால், ஜெர்மனிக்காக வாங்கிய ஷெங்கன் விசாவே போதும். பாஸ்போர்ட் மட்டும் மறக்காமல் கையில் இருக்கட்டும்.

மார்ச், நவம்பர் இரண்டும் என் தேர்வு. குளிரும், ஆனால் அறை வாடகை இறங்கியிருக்கும். ஜூலைக் கடைசி, ஆகஸ்டுத் தொடக்கத்தில் வரும் ஃபார்முலா ஒன் பந்தயம், ஆகஸ்டில் சிகெட் இசை விழா, ஆகஸ்ட் 20 தேசிய நாள் வாணவேடிக்கை, டிசம்பர் கிறிஸ்துமஸ் சந்தை. இந்த நாலு சமயத்திலும் அதே அறைக்கு வாடகை எங்கேயோ போய்விடும்.

கே: விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர டாக்ஸி இல்லாமல் வழி உண்டா?

ப: இரண்டு பஸ் உண்டு. 100இ நேராக நகர மையத்தில் டேயாக் சதுக்கத்துக்கு வந்துவிடும். ஆனால் அதற்குத் தனி டிக்கெட், பாஸ் செல்லாது. 200இ பஸ்ஸில் ஏறி கோபான்யா-கிஷ்பெஸ்ட் என்ற நிலையத்தில் இறங்கி, மூன்றாம் மெட்ரோவுக்கு மாறினால் சாதாரண டிக்கெட்டோ பாஸோ போதும். விமான நிலையத்திலேயே 72 மணி நேர பாஸ் எடுத்துவிட்டால் அந்த முதல் பயணமும் அதில் அடங்கிவிடும். நடு இரவில் குழந்தைகளோடு இறங்குகிறீர்களா? அப்போது கஞ்சத்தனம் வேண்டாம், டாக்ஸியே எடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒற்றை டிக்கெட் எடுத்தால் அதை இயந்திரத்தில் பதிவு செய்தாக வேண்டும். பரிசோதகர்கள் மெட்ரோ வாசலிலேயே நிற்பார்கள். "தெரியாது, சுற்றுலா வந்தேன்" என்றாலும் அபராதம் அபராதம்தான்.

கே: யூரோ செல்லுமா? ரொக்கம் எவ்வளவு வைத்துக்கொள்வது?

ப: சில கடைகளில் யூரோ வாங்குவார்கள். ஆனால் மாற்று விகிதத்தை அவர்கள் இஷ்டத்துக்கு வைப்பார்கள். இங்கே பணம் ஃபோரிண்ட். பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும், சந்தைக்கும் சின்னக் கடைகளுக்கும் கொஞ்சம் ரொக்கம் இருந்தால் போதும்.

பலருக்கும் பணம் ஓட்டையாவது ஏடிஎம் திரையில்தான். "உங்கள் நாட்டுப் பணத்திலேயே கணக்கிடட்டுமா?" என்று அன்பாகக் கேட்கும், பக்கத்திலேயே பச்சை நிறத்தில் 'ஏற்கிறேன்' பொத்தானும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். 'மறுக்கிறேன்' என்பதை அழுத்தினாலும் பணம் வரும், உங்கள் வங்கி விகிதத்தில் வரும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும். ஃபோரிண்ட் என்றே சொல்லுங்கள். சுற்றுலாத் தெருக்களில் தனியாக நிற்கும் ஏடிஎம்மை விட்டு, வங்கிக் கிளையோடு ஒட்டிய ஏடிஎம்மாகப் பாருங்கள்.

கே: நாங்கள் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. ரொட்டியும் வாழைப்பழமும்தானா?

ப: அவ்வளவு மோசமில்லை, ஆனால் கவனம் வேண்டும். இங்கே பாரம்பரியச் சமையலில் பன்றிக் கொழுப்பு சகஜம். கறி இல்லை என்பதாலேயே சைவம் என்று நம்பிவிடக் கூடாது, கேளுங்கள்.

லாங்கோஷ் கிடைக்கும். புளித்த மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து, பூண்டு நீர் தடவி, மேலே புளிப்புக் கிரீமும் துருவிய சீஸும் தூவித் தருவார்கள். நம் பூரிக்கு அண்ணன், ஒன்று தின்றால் மதியம் முடிந்தது. என்ன எண்ணெய் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 1897-ல் திறந்த பெரிய சந்தைக் கட்டடத்தின் மாடியில் விற்பது சுற்றுலா விலை; கீழ்த்தளத்தில் பழம், சீஸ், ஊறுகாய் வாங்குங்கள். அப்புறம் ஃபோசெலேக் என்று ஒன்று. பட்டாணி, பூசணி, கீரை, பருப்பு, இதில் ஏதோ ஒன்றைக் கெட்டியாக வேகவைத்துத் தருவார்கள். மேலே கறித்துண்டோ முட்டையோ வைப்பது வழக்கம், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். வார நாட்களில் மதியம் அலுவலகக்காரர்கள் வரிசையில் நிற்கும் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் தினச் சாப்பாடு போடுவார்கள். பாதி விலைக்கு வயிறு நிறையும் இடம் அதுதான். இரவுச் சாப்பாட்டுக்கு எங்காவது இந்திய உணவகம் போங்கள், தப்பில்லை.

பில் வந்ததும் கடைசி வரியைப் பாருங்கள். சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்த்திருந்தால் டிப்ஸ் தேவையில்லை. இன்னொன்று: பணத்தை நீட்டும்போதே நன்றி சொல்லிவிட்டால், மீதியை வைத்துக்கொள் என்று எடுத்துக்கொள்வார்கள். சில்லறை கைக்கு வந்தபின் நன்றி சொல்லுங்கள்.

கே: வெந்நீர்க் குளியல் அவசியமா? டிக்கெட் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.

ப: அவசியம். வேறு எதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் மட்டும் வேண்டாம். ஆனால் எல்லோரும் படம் போடும் மஞ்சள் மாளிகை, 1913-ல் திறந்த சேச்சேனி, கூட்டத்திலும் விலையிலும் உச்சம். லுகாச் அதைவிட மலிவு, உள்ளூர்ப் பெரியவர்கள் கழுத்தளவு நீரில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பிடித்தது ருடாஷ். துருக்கியர் கட்டிய எண்கோணக் குளம், மேலே குவிமாடம், அதில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடித் துளைகள் வழியாக வெளிச்சம் கோடுகோடாக நீராவியில் இறங்கும். சில நாள் ஆண்களுக்கு மட்டும், சில நாள் பெண்களுக்கு மட்டும் என்பதால் தேதி பார்த்துப் போங்கள். கெல்லேர்ட் பழுதுபார்ப்புக்காக 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள், பழைய வலைப்பதிவு படித்துவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

துண்டும் செருப்பும் வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள், அங்கே வாங்கினால் தண்டம்.

கே: எட்டும் பதினொன்றும் வயதுப் பிள்ளைகள். அருங்காட்சியகம் என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ப: ஆற்றின் மேற்குக் கரையான பூடாவின் மலைக்காட்டுக்குள் ஓடும் சிறுவர் ரயிலில் ஏற்றுங்கள். 1948-ல் தொடங்கியது. சீருடை போட்ட பத்து முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள்தான் டிக்கெட் தருவார்கள், சல்யூட் அடித்து வண்டியை அனுப்புவார்கள். இஞ்சின் ஓட்டுவது மட்டும் பெரியவர்கள். பதினொரு கிலோமீட்டர். அதற்குத் தனி டிக்கெட், ஆனால் மலையேறும் பல்சக்கர ரயிலில் உங்கள் பாஸே செல்லும். மாலையில் கார் நுழையாத மார்கித் தீவுக்குப் போய் ஓடவிடுங்கள், காசில்லை.

கே: மாணவன் நான், வியன்னாவிலிருந்து வருகிறேன். எங்கே தங்கலாம்?

ப: தம்பி, ஏழாம் வட்டாரத்தில் படுக்கை மலிவாகத் தெரியும். பாழடைந்த பழைய கட்டடங்களில் நடத்தும் 'இடிபாட்டு மதுக்கூடங்கள்' அங்கேதான், விடியும்வரை சத்தம். ஆட்டம் போட வருகிறாய் என்றால் சரி. தூங்க வேண்டுமென்றால் எட்டு அல்லது ஒன்பதாம் வட்டாரத்தில் நாலாம் மெட்ரோ பக்கமாகப் பார். ரயில் டிக்கெட்டை ஆஸ்திரிய ரயில்வே, ஹங்கேரி ரயில்வே இரண்டு தளங்களிலும் ஒப்பிட்டு வாங்கு. பயணம் மூன்று மணி நேரத்துக்குள்தான்.

கே: லண்டனில் இருக்கிறோம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். நாடாளுமன்றம் பார்க்கச் சலுகை உண்டா?

ப: இல்லை. சலுகை விலை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக் குடிமக்களுக்குத்தான், பிரெக்ஸிட்டுக்குப் பின் நீங்கள் அதில் சேர்த்தி இல்லை. உள்ளே போகத்தான் வேண்டுமென்றால் முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யுங்கள். வெளியிலிருந்து போதும் என்றால், இருட்டிய பிறகு இரண்டாம் எண் டிராமில் ஆற்றுப் பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். நாடாளுமன்றத்தை ஒட்டியே போகும், எதிர்க்கரையில் கோட்டை விளக்கும் தெரியும். முழுக் கட்டடத்தையும் பார்க்க, நாடாளுமன்றத்துப் பக்கத்து நிலையத்தில் ஏறி, இரண்டாம் மெட்ரோவில் ஒரே நிறுத்தம் ஆற்றைக் கடந்து பட்த்யானி சதுக்கத்தில் இறங்கினால் நேர் எதிரே நிற்கும்.