வாசகர் கேள்வி: சுயேச்சைப் பள்ளி நமக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: மகள் தொடக்கநிலை 6. உயர்நிலை 1க்குச் சுயேச்சைப் பள்ளி ஒன்றை முதல் தெரிவாகப் போட ஆசைப்படுகிறாள். அது தனியாருக்குக் கொடுத்துவிட்ட பள்ளி, நமக்குச் சரிவராது என்கிறார் என் கணவர்.
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: தனியாருக்கு விற்ற பள்ளி அல்ல அம்மா. சிங்கப்பூரில் 1988இல் முதல் மூன்று பள்ளிகள் சுயேச்சைப் பள்ளி என்ற ஏற்பாட்டுக்கு மாறின. கட்டணத்தையும் ஆசிரியர் நியமனத்தையும் பள்ளியின் ஆளுநர் குழுவே முடிவுசெய்யும். அரசாங்க மானியம் தொடர்ந்து வரும். ஆனால் கட்டண வித்தியாசம் பெரிது. அரசாங்க உயர்நிலைப் பள்ளியில் குடிமக்களுக்குப் பள்ளிக் கட்டணம் மாதம் 5 வெள்ளி, இதரக் கட்டணம் அதிகபட்சம் 20 வெள்ளி. சுயேச்சைப் பள்ளியில் மாதம் சில நூறு வெள்ளி. கணவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

இருந்தாலும் கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்துப் பின்வாங்காதீர்கள். சுயேச்சைப் பள்ளிகளுக்கென்று கல்வி அமைச்சின் உதவிநிதி உண்டு. குடும்பத்தின் மொத்த மாத வருமானம் 4,000 வெள்ளிக்குள் அல்லது தலைக்கு 1,000 வெள்ளிக்குள் இருந்தால் குடிமக்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. அதற்குச் சற்று மேலே இருந்தால் ஒரு பகுதி கிடைக்கும்.

பலர் தவறுவது கணக்கில்தான். வருமானம் என்றால் மசேநிதி (மத்திய சேமநிதி) பிடிப்பதற்கு முந்தைய சம்பளம். ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாம் சேரும். கைக்கு வரும் தொகையை எழுதினால் படிவம் திரும்பி வரும். இன்னொரு தவறு, தாத்தா பாட்டியை விட்டுவிடுவது. இருவர் சம்பளமும் சேர்ந்து 6,000 வெள்ளி என்றால், பெற்றோர், இரு பிள்ளைகள் என நால்வருக்கு வகுத்தால் 1,500. அடையாள அட்டையில் அதே முகவரி உள்ள தாத்தா பாட்டியையும் சேர்த்தால் ஆறு பேர், தலைக்கு 1,000. முழுத் தள்ளுபடி வரம்புக்குள் வந்துவிடுகிறது! அவர்கள் வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தையும் கூட்டுங்கள்.

டிசம்பரில் எந்தப் பள்ளியில் இடம் என்ற முடிவு வந்ததும் பள்ளி அலுவலகத்தில் படிவம் வாங்கிச் சம்பளச் சீட்டுகளுடன் கொடுங்கள். கட்டண பாக்கி சேரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: பொதுக் கல்வி தனியார்மயமாகிறது என்பது இங்கே பொருந்துமா?
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: பள்ளிகளைவிடத் துணைப்பாட (டியூஷன்) சந்தைக்குத்தான் அது பொருந்தும். 2017/18இல் குடும்பங்கள் துணைப்பாடத்துக்குச் செலவிட்டது சுமார் 1.4 பில்லியன் வெள்ளி, 2023இல் 1.8 பில்லியன். வசதியுள்ள பிள்ளை கூடுதல் பாடத்தைக் காசு கொடுத்து வாங்க முடிகிறது. அது நமக்குக் கவலை தரவேண்டிய விஷயம். பணம் கட்டுமுன், பிள்ளை எந்தப் பாடத்தில் எங்கே தடுமாறுகிறது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பள்ளியே நடத்தும் கூடுதல் வகுப்பு இருக்கலாம். இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் ‘ஸ்டெப்’ துணைப்பாட வகுப்புகளும் குறைந்த கட்டணத்தில் நடக்கின்றன.