உளியில் பிறந்த சொல்

கேள்வி: மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளின் தொல்குடியினரான மாயரின் கல்வெட்டுகளைப் பற்றிய ஸ்பானியக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் ‘கிளிஃபோ’ என்ற சொல் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. அதன் மூலம் என்ன? ‘எழுத்து’ என்றே எழுதியிருக்கலாமே?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஸ்பானியத்தில் வழங்கினாலும் இது பிறப்பால் கிரேக்கச் சொல். செதுக்குதலைக் குறிக்கும் ஒரு கிரேக்க வினையிலிருந்து ‘கிளுஃபே’ என்ற பெயர்ச்சொல் பிறந்து, ஸ்பானியம், இத்தாலியம், போர்த்துகீசியம் ஆகிய மூன்றிலும் ‘கிளிஃபோ’ என்றும் பிரெஞ்சில் ‘கிளிஃப்’ என்றும் நிலைத்தது. கட்டடக் கலையில் இதற்கும் எழுத்துக்கும் தொடர்பே இல்லை; டோரிக் என்னும் பண்டைக் கிரேக்கப் பாணிக் கோயில்களில் தூண்களுக்கு மேலே ஓடும் பட்டையில் செங்குத்தாக வெட்டப்படும் ஆழமற்ற பள்ளமே அங்கு ‘கிளிஃபோ’.

எழுத்துப் பொருள் எகிப்தின் வழியே சேர்ந்தது. அந்நாட்டுக் கோயில் எழுத்துகளைக் கிரேக்கர் ‘புனிதச் செதுக்கல்’ என்ற பொருளில் அழைத்தனர். அந்தப் பெயரின் ஸ்பானிய வடிவமான ‘ஹெரோகிளிஃபிக்கோ’ இன்று செய்தித்தாளில் வரும் படப் புதிரையும், படிக்க முடியாத கையெழுத்தையும்கூடச் சுட்டுகிறது.

மாயர் எழுத்துக்கு இப்பெயர் பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. ஹோண்டுராஸ் நாட்டின் கோபான் நகரிலுள்ள படிக்கட்டில் 2,000-க்கும் மேற்பட்ட குறிகள் கல்லில் செதுக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் எஞ்சியிருக்கும் 4 மாயர் சுவடிகளும், மரப்பட்டைத் தாளில் சுண்ணம் பூசி, அதன்மேல் தூரிகையால் தீட்டப்பட்டவை. மாயர் மொழியில் ‘ட்ஸிப்’ என்ற ஒரே சொல் எழுதுவதையும் ஓவியம் தீட்டுவதையும் குறிக்கும். கண்ணுக்கு மை ‘எழுதிய’ நமக்கு இது புதிதன்று.

சரி, ‘எழுத்து’ என்று ஏன் எழுதக் கூடாது? மாயர் குறிகளில் சில ஒரு முழுச் சொல்லையும், சில ஓர் அசையை மட்டுமே குறிப்பவை. அசைக்குறிகளை 1952-இல் ரஷ்ய அறிஞர் யூரி கினோரோசொவ் நிறுவிய பிறகே வாசிப்புக்கு வழி பிறந்தது. தமிழ் இலக்கணம் ‘எழுத்து’ என்பதை முதலில் ஒலியாகவே கொள்வதால், அச்சொல் இங்கே குழப்பத்தையே தரும். கணினி எழுத்துருக்களைச் செய்பவர்களும் இதே வேறுபாட்டைக் காண்கிறார்கள்: ‘கொ’ நமக்கு ஓரெழுத்து, திரையிலோ ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு ‘கிளிஃப்’. ஆகவே மாயர்களைப் பற்றி எழுதும்போது நான் ‘குறி’ என்பேன், எழுத்துருவைப் பற்றி எழுதும்போது ‘வரிவடிவம்’ என்பேன். சிலர் ஆளும் ‘செதுக்கெழுத்து’ மட்டும் வேண்டாம். தூரிகையால் தீட்டிய சுவடிகளுக்கு அது ஒவ்வாது.